சீருடை எடுத்துக் கொடுக்கப் போகிறோம்: ஒரு செட்டா, இரண்டு செட்டா?

நூலிழை எழுதியது:

வணக்கம். நாங்கள் படித்த தொடக்கப் பள்ளியின் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து, அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போது அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குச் சீருடை எடுத்துக் கொடுக்கப் பணம் திரட்டியிருக்கிறோம். ஆளுக்கு ஒரு செட் என்றால் 120 பிள்ளைகளுக்கு வரும். இரண்டு செட் என்றால் 60 பேருக்குத்தான் வரும். "ஒரு பிள்ளையும் விட்டுப்போகக் கூடாது, ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடலாம்" என்பதுதான் குழுவில் பெரும்பாலோர் கருத்து. சிறிய விழா வைத்து மேடையில் பெயர் கூப்பிட்டுக் கொடுக்கலாம் என்றும் பேச்சு இருக்கிறது.

எனக்கு மனம் ஒப்பவில்லை. போன வாரம் எண்ணிக்கை எடுக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். நான்காம் வகுப்பில், இரண்டாவது வரிசையில் ஒரு சிறுமி. சட்டையில் இருந்த பொத்தான்கள் மூன்று நிறத்தில் இருந்தன. நடுவில் ஒன்று இல்லை, அந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது. நான் உள்ளே நுழைந்ததும் அவள் இடது கையை அந்த ஊக்கின் மேல் வைத்துக்கொண்டாள். தலைமை ஆசிரியை பேசி முடித்து நாங்கள் வெளியே வரும் வரை அந்தக் கை அங்கேயேதான் இருந்தது. வலது கையால் மட்டும் எழுதினாள். பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லாததால் நோட்டு நழுவிக்கொண்டே இருந்தது.

இதில் பழகியவர்கள், கொடுத்தவர்கள், வாங்கியவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள். எப்படிச் செய்தால் பிள்ளைக்கு நல்லது?

கரும்பலகை எழுதியது:

இரண்டு செட். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

நான் 22 ஆண்டுகளாக ஆசிரியை. ஒரே ஒரு சீருடை வைத்திருக்கும் பிள்ளையின் வாரம் எப்படிப் போகும் என்று பாருங்கள். மாலையில் வீட்டுக்குப் போனதும் கழற்ற வேண்டும், துவைக்க வேண்டும், விடிவதற்குள் காய வேண்டும். வெயில் காலத்தில் சமாளித்துவிடலாம். மழைக்காலத்தில் காயாது. ஈரத்தோடு போட்டுக்கொண்டு வந்தால் இடுப்பிலும் அக்குளிலும் படர்தாமரை வரும். போடாமல் வந்தால் கேள்வி வரும். ஆகவே பிள்ளை வராமலே இருந்துவிடும்.

ஆரம்ப காலத்தில் எனக்கு இது தெரியாது. மழை மாதங்களில் வருகைப் பதிவேட்டில் திரும்பத் திரும்ப அதே ஐந்தாறு பெயர்களுக்கு எதிரேதான் விடுப்பு விழும். சோம்பேறிப் பிள்ளைகள் என்று நினைத்தேன். ஒரு நாள் ஒருவனைக் கூப்பிட்டு, "நேற்று ஏன் வரவில்லை?" என்று அதட்டினேன். "சட்டை காயவில்லை டீச்சர்" என்றான். தொட்டுப் பார்த்தேன். அன்றும் காய்ந்திருக்கவில்லை. காலர் சில்லென்று இருந்தது.

அதற்கு முன் சீருடை இல்லை என்று எத்தனையோ பிள்ளைகளை நானே வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறேன். விதியைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன். வெளியே நின்ற பிள்ளைக்கு அன்றைய கணக்குப் பாடம் போய்விடும். மறுநாள் நடப்பது நேற்றைய பாடத்தின் தொடர்ச்சி. அதுவும் புரியாது. ஒரு மாதத்தில் அந்தப் பிள்ளை 'மக்கு' என்று பெயர் வாங்கிவிடும். அந்தப் பெயரை நான் கொடுத்திருக்கிறேன் என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

தரவுப்பெட்டி எழுதியது:

கரும்பலகை அம்மா பதிவேட்டில் பார்த்ததை ஆய்வாளர்களும் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

கென்யாவில் 2003ஆம் ஆண்டு தொடக்கக் கல்விக் கட்டணத்தை அரசு நீக்கியது. சீருடைச் செலவு மட்டும் குடும்பங்களின் தலையில் நின்றது. அந்த நாட்டின் மேற்கில் புசியா பகுதியில் ஒரு தொண்டு நிறுவனம் குலுக்கல் முறையில் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சீருடை கொடுத்தது. குலுக்கல் என்பதால், கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. டேவிட் எவன்ஸ், முதோனி ங்காட்டியா இருவரும் இதைப் பற்றி எழுதிய கட்டுரை 2021இல் வெளிவந்தது. சீருடை பெற்ற பிள்ளைகள் பள்ளிக்கு வராத நாட்கள் சராசரியாக 37 சதவீதம் குறைந்தன. முன்பு சீருடையே இல்லாதிருந்த பிள்ளைகளிடம் 55 சதவீதம் குறைந்தன. பாடத்திட்டத்தையும் ஆசிரியரையும் மாற்றாமல், ஒரு சட்டையும் கீழாடையும் செய்த வேலை இது.

அதே கட்டுரையின் மறுபாதியையும் சொல்லிவிட வேண்டும். எட்டு ஆண்டுகள் கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப் போய்ப் பார்த்தபோது, எந்த வகுப்பு வரை படித்தார்கள், தொடக்கக் கல்வியை முடித்தார்களா என்பதில் வேறுபாடு எதுவும் தென்படவில்லை.

இன்னோர் ஆய்வும் கென்யாவில்தான். எஸ்தர் டுஃப்லோ, பாஸ்கலின் டுபா, மைக்கேல் கிரெமர் மூவரும் 328 பள்ளிகளில் நடத்தியது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியின் கடைசி ஆண்டுகளில் இரண்டு முறை சீருடை கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகளில் படிப்பை நிறுத்திய பெண் பிள்ளைகள் 19 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகவும், ஆண் பிள்ளைகள் 13இலிருந்து 10 சதவீதமாகவும் குறைந்தார்கள். பதின்வயதிலேயே கருவுற்ற பெண் பிள்ளைகளின் விகிதமும் 16இலிருந்து 13க்கு இறங்கியது. பள்ளியில் இருக்கும் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு தள்ளிப்போகிறது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

திறந்தவெளி எழுதியது:

யாரையும் புண்படுத்த எழுதவில்லை. ஆனால் அடிப்படைக் கேள்வியை விட்டுவிட்டு ஒரு செட்டா, இரண்டு செட்டா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பிள்ளையைப் படிக்க விடாமல் தடுப்பது துணியா, அல்லது துணி இல்லாவிட்டால் உள்ளே வராதே என்ற விதியா? விதியை எடுத்துவிட்டால் நன்கொடையே தேவைப்படாது. பூட்டைப் போட்டுவிட்டு ஊரார் எல்லோரும் சேர்ந்து சாவி செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

தரவுப்பெட்டி சொன்ன எட்டு ஆண்டுக் கணக்கும் என் பக்கம்தான் பேசுகிறது. ஒரு முறை கொடுத்த சட்டை கிழியும் வரைதான் பலன். பிறகு பழைய நிலைதான்.

கரும்பலகை எழுதியது:

திறந்தவெளி ஐயா, பாதி ஒப்புக்கொள்கிறேன். சீருடை இல்லை என்று பிள்ளையை வெளியே அனுப்பும் விதி நாளைக்கே போக வேண்டும்.

ஆனால் சீருடையே வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் பள்ளியில் மாதத்தில் ஒரு நாள் விருப்ப உடை அணிந்து வரலாம். அந்த நாளில் வகுப்பைப் பார்த்தால் வயிறு கலங்கும். வசதியுள்ள பிள்ளைகள் ஒவ்வொரு மாதமும் ஒரு புதுத் துணியில் வருவார்கள். சில பிள்ளைகள் அன்றைக்கு மட்டும் 'காய்ச்சல்' என்று வரமாட்டார்கள். இன்னும் சிலர், "மறந்துவிட்டேன் டீச்சர்" என்று சீருடையிலேயே வந்து நிற்பார்கள். ஆண்டு முழுவதும் மறப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சீருடை ஒரு மறைப்பு. அதை நாம் பிடுங்கக் கூடாது.

தரவுப்பெட்டி எழுதியது:

விதியைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. தென்னாப்பிரிக்கா 2006இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிகள், சீருடை வாங்க முடியாத காரணத்தால் எந்தப் பிள்ளையையும் பள்ளி ஒதுக்கக் கூடாது என்கின்றன. இங்கிலாந்தில் 2021இல் சீருடைச் செலவைக் கட்டுப்படுத்துவதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. அதையொட்டி வந்த நெறிமுறை, பயன்படுத்திய சீருடைகள் பெற்றோருக்குக் கிடைக்கும்படி பள்ளிகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. ஆக, சீருடையை வைத்துக்கொண்டே விதியைத் தளர்த்த வழி இருக்கிறது.

ஊசிமுனை எழுதியது:

நான் தையல்காரன். பள்ளிச் சீருடைதான் என் பிழைப்பில் பாதி. நீங்கள் பேசாத ஒன்றைச் சொல்கிறேன்: அளவு.

நன்கொடை என்றாலே வயதைக் கேட்டு மொத்தமாக ரெடிமேட் வாங்கிவிடுகிறார்கள். 'எட்டு வயது' என்று கடையில் இருக்கும் சட்டை நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைக்கு வெட்டியது. வறுமையில் வளரும் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஆறு வயது உடம்புதான் இருக்கும். தோள் இறங்கித் தொங்கும், இடுப்பு நிற்காது. ஒரு கையால் நிக்கரைப் பிடித்துக்கொண்டு ஓடும் பையன்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவனுக்கு விளையாட்டு நேரமே கிடையாது. நூலிழை சொன்ன பெண் பிள்ளையின் கை மாதிரிதான் இதுவும்.

கொஞ்சம் பெரிதாகவே எடுத்தால் வளர வளரப் போடலாமே என்று கேட்பார்கள். அதைத் தையலில் செய்ய வேண்டும். பாவாடைக்கும் கால்சட்டைக்கும் கீழே மூன்று விரற்கடை உள்மடிப்பு விடுங்கள். பக்கத் தையலுக்குள் ஒரு விரல் அகலம் துணி விடுங்கள். இடுப்புப் பட்டியில் பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக் போதும். அடுத்த ஆண்டு மடிப்பைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். பிரித்த இடத்தில் பழைய மடிப்புக் கோடு வெளுத்துத் தெரியும். அதன் மேலேயே ஒரு வரிசை தையல் ஓட்டிவிட்டால் அலங்காரத் தையல் போலாகிவிடும், யாருக்கும் தெரியாது. பருத்திக் கலவை என்றால் துணியை ஒரு முறை நனைத்துக் காயவைத்த பிறகுதான் கத்தரிக்கோல் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே உங்கள் மூன்று விரற்கடையும் சுருக்கத்தில் போய்விடும்.

நிறத்தையும் கவனியுங்கள். மற்ற பிள்ளைகள் வாங்கும் அதே துணியில் எடுங்கள். விலை குறைவு என்று வேறு மில் துணி எடுத்தால் நீலத்தில் ஒரு சாயல் மாறும். கையில் வைத்துப் பார்த்தால் தெரியாது. பிரார்த்தனைக் கூட்டத்தில் வரிசையாக நிற்கும்போது தூரத்திலிருந்தே தெரியும், எது வாங்கியது, எது கொடுத்தது என்று.

கடைசிவரிசை எழுதியது:

ஊசிமுனை அண்ணா எழுதிய கடைசி வரியைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எழுத முடியவில்லை. நான் அந்த வரிசையில் நின்றவள்.

மூன்றாம் வகுப்பில் எனக்கு முதன்முதலாகச் சீருடை கொடுத்தார்கள். அந்தப் புதுத் துணியின் கஞ்சி வாசனை இப்போதும் நினைவிருக்கிறது. அன்றிரவு தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன். மறுநாள் அம்மா எழுப்பாமலே எழுந்தேன். வேண்டாம் என்று சொல்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்குப் போக ஒரு பிள்ளை விடிவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தது.

ஆனால் அதைக் கொடுத்த விதம் வேறு. மைக்கில் பெயர் சொன்னார்கள். பெயரோடு, அப்பா இல்லாத பிள்ளை என்றும் சொன்னார்கள். மேடையில் கைநீட்டியதும் கொடுக்கவில்லை. போட்டோ எடுப்பவர் வரும் வரை பாக்கெட்டை இருவருமாகப் பிடித்துக்கொண்டு நின்றோம். சட்டைப் பையின் மேல் கொடுத்த சங்கத்தின் முத்திரை அச்சடித்திருந்தது. இரண்டு ஆண்டு அந்த முத்திரையோடு நடந்தேன். எட்டு வயதில் கற்றுக்கொண்டது: புத்தகத்தை மார்போடு அணைத்துப் பிடித்தால் சட்டைப் பை தெரியாது.

ஆறாம் வகுப்பில் வந்தது பழைய சீருடை. நல்ல நிலையில்தான் இருந்தது. காலருக்குள் ஒரு பெயரின் முதலெழுத்து சிவப்பு நூலில் தைத்திருந்தது, முழங்கையில் கிழிசலை நூலால் அடைத்த ஒரு இழையோட்டம். அது யாருடையது என்று இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. எனக்கு மேல் வகுப்பில் படித்த அக்கா ஒருத்தி அந்த முழங்கையையே பார்த்தாள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஆண்டு முழுவதும் படிக்கட்டில் எதிரே வந்தால் தன் கண்ணைத் தாழ்த்திக்கொள்வாள். அவள் நல்லவள். அப்படிப்பட்ட நல்லவளின் பார்வையைக்கூட என்னால் தாங்க முடியவில்லை. சிவப்பு நூலை ஊசியால் பிரித்துவிட்டேன். முழங்கையை ஒன்றும் செய்ய முடியவில்லை.

பழையதைக் கொடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. அதே பள்ளியில் சுற்ற விடாதீர்கள். சுற்றத்தான் வேண்டும் என்றால், வசதியுள்ள பிள்ளைகள் உட்பட எல்லோரும் வந்து மாற்றிக்கொள்ளும் இடமாக ஆக்குங்கள். விழா மட்டும் வேண்டவே வேண்டாம் நூலிழை அவர்களே.

திறந்தவெளி எழுதியது:

கடைசிவரிசை எழுதியதைப் படித்தேன், அம்மா. கஞ்சி வாசனை பற்றிய பகுதியை இரண்டு முறை படித்தேன். நான் விதியை மட்டும் பார்த்தேன், அந்தக் காலைப் பொழுதைப் பார்க்கவில்லை.

என் கவலை ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. எல் சால்வடோர் நாட்டில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் காலணி கொடுத்த திட்டத்தை ஆராய்ந்தபோது, குடும்பத்தின் தேவைகளை வெளியார்தான் நிறைவேற்ற வேண்டும் என்று சொன்ன பிள்ளைகள், காலணி பெற்றவர்களிடையே 79 சதவீதமும் பெறாதவர்களிடையே 66 சதவீதமும் இருந்தார்கள். கொடுப்பது பிள்ளையின் மனத்தில் என்ன எழுதுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கடைசிவரிசை எழுதியது:

மேடையில் வெளியார் கையிலிருந்து வாங்கினால் அப்படித்தான் எழுதும் ஐயா. என் அம்மா கையிலிருந்து வந்திருந்தால், அம்மா வாங்கிக் கொடுத்தாள் என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பேன்.

நூலிழை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குழுவிடம் இந்த இழையை அப்படியே படித்துக் காட்டினேன். விழா இல்லை என்று முடிவாகிவிட்டது. சீருடையைப் பெற்றோர் கூட்டத்தன்று வீட்டார் கையில், வெறும் பையில் கொடுப்பது என்றும் முடிவு. இரண்டு செட் என்பதிலும் இப்போது மாற்றுக் கருத்து இல்லை.

இனிதான் சிக்கல். 60 பேரை எப்படித் தேர்ந்தெடுப்பது? 'மிகவும் ஏழை' என்று பட்டியல் போட்டால் அந்தப் பட்டியலே ஒரு முத்திரையாகிவிடும். இன்னொன்று, உற்சாகத்தில் எங்கள் ஆட்களில் ஒருவர் சில பெற்றோரிடம் "எல்லோருக்கும் வரும்" என்று சொல்லிவிட்டார்.

தரவுப்பெட்டி எழுதியது:

இரண்டாவதை இன்றைக்கே சரிசெய்யுங்கள். எக்வடோர் நாட்டில் இலவசச் சீருடைத் திட்டம் ஒன்றை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக, பிள்ளைகளின் வருகை ஏறத்தாழ 2 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது. ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம்: சீருடை வரும் என்று சொல்லப்பட்டு, கடைசியில் கிடைக்காமல் போன பிள்ளைகள். வரப்போகிறது என்றால் வீட்டில் அதற்கென்று பணம் ஒதுக்கமாட்டார்கள். வராமல் போனால் பள்ளி திறக்கும் நாளில் பிள்ளைக்குப் போட ஒன்றும் இருக்காது. வாக்குக் கொடுக்காமலே இருந்திருந்தால், எப்படியாவது கடனை உடனை வாங்கியாவது எடுத்திருப்பார்கள்.

அதே காரணத்தால், பள்ளி திறந்த பிறகு வரும் சீருடையாலும் பெரிய பயன் இல்லை.

வெண்தாமரை எழுதியது:

கிராமச் சுகாதாரப் பணியில் இருப்பவள் நான். தொடக்கப் பள்ளி என்கிறீர்கள். அப்படியானாலும் மேல் வகுப்புப் பெண் பிள்ளைகளில் சிலர் வயதுக்கு வந்திருப்பார்கள். ஒரே பாவாடை, அதுவும் வெளிர் நிறம் என்றால் அந்த நாட்களில் பிள்ளை பெஞ்சை விட்டு எழுந்திருக்காது, கேள்விக்கு விடை தெரிந்தாலும் கை தூக்காது. பள்ளி நிர்வாகம் சம்மதித்தால் கீழாடையை அடர் நிறமாக மாற்றச் சொல்லுங்கள். எந்தப் பிள்ளையானாலும் உள்ளாடையும் சேர்த்துக் கொடுங்கள். யாரும் கேட்கமாட்டார்கள், எல்லோருக்கும் அது தேவை.

கரும்பலகை எழுதியது:

தேர்வைப் பற்றி: பிள்ளைகளைப் பொறுக்காதீர்கள், வகுப்பைப் பொறுக்குங்கள். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று முழு வகுப்புக்கும் கொடுத்தால் யார் ஏழை என்ற கேள்வியே எழாது. வசதியுள்ள நாலைந்து பிள்ளைகளுக்கும் போகும். போகட்டும். மீதிப் பிள்ளைகளின் மானத்துக்கு அது அதிக விலை இல்லை.

மேல் வகுப்புகளுக்கு ஓர் அலமாரி வையுங்கள். ஆசிரியர் அறையில் பத்து சட்டை, பத்து கீழாடை, ஒரு டப்பா நிறையப் பொத்தான், ஊசி, நூல். நனைந்து வந்தவன், கிழிந்து வந்தவள் யாராக இருந்தாலும் மாற்றிக்கொண்டு வகுப்புக்குப் போகலாம். எங்கள் பள்ளியில் நான் இப்படி ஒன்று வைத்து ஒன்பது ஆண்டு ஆகிறது. வெளியே நிற்கவைக்கும் பழக்கம் தானாகவே நின்றுவிட்டது. ஆசிரியரிடம் கொடுக்க ஒரு சட்டை இருக்கும்போது திட்டுவதற்கு மனம் வருவதில்லை.

நூலிழை எழுதியது:

பள்ளி திறந்து மூன்று வாரம் ஆகிறது. நடந்ததைச் சொல்ல வந்தேன்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் 57 பிள்ளைகள். ஆளுக்கு இரண்டு செட், அளவெடுத்துத் தைத்தது, பள்ளி திறப்பதற்கு எட்டு நாள் முன்பே வீட்டார் கைக்குப் போய்விட்டது. "எல்லோருக்கும் வரும்" என்று நம்பியிருந்த குடும்பங்களுக்கு நானே நேரில் போய்ச் சொன்னேன். ஒரு வீட்டில் அந்த அம்மா, "முன்னாலேயே சொன்னீர்களே, அதுவே போதும்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். கோபமா, நன்றியா என்று எனக்குப் புரியவில்லை. மீதிப் பணத்தில் அலமாரி வைத்தாயிற்று. சீருடை இல்லாததற்காகப் பிள்ளையை வெளியே நிறுத்துவதில்லை என்று தலைமை ஆசிரியை எழுதியே ஒட்டிவிட்டார்.

பொத்தான் சிறுமி இப்போது ஐந்தாம் வகுப்பு. எங்கள் கணக்கில் அவளுக்குப் புதுச் சட்டை இல்லை. இதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. போன வெள்ளிக்கிழமை அலமாரியைப் பார்க்கப் போனபோது பொத்தான் டப்பா மேசை மேல் திறந்து கிடந்தது. மதிய இடைவேளையில் நான்கைந்து பிள்ளைகள் தாங்களே தைத்துக்கொள்கிறார்களாம். வெளியே வரும்போது அவள் வராந்தாவில் போனாள். அதே பழைய சட்டை, பொத்தான்கள் எல்லாம் வெள்ளை, கடைசியில் இருந்தது மட்டும் கோணலாகத் தைத்திருந்தது. இரண்டு கைகளிலும் நோட்டுகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு போனாள்.

ஊசிமுனை அண்ணா, ஒரு கேள்வி. ஒன்றாம் வகுப்பில் ஆறு பிள்ளைகளுக்கு மட்டும் தோள் இறங்கியிருக்கிறது. உள்மடிப்பைத் தொடாமல் தோளை மட்டும் பிடிக்க முடியுமா, அல்லது கையைப் பிரித்துத்தான் தைக்க வேண்டுமா?

ஊசிமுனை எழுதியது:

கையைப் பிரிக்க வேண்டாம் தம்பி. உள்பக்கமாகத் தோளில் ஒரு டக், அதாவது சிறு மடிப்பு, பிடித்துக் கையால் ஓட்டிவிடுங்கள், மெஷினில் போட வேண்டாம். பிள்ளை வளர்ந்ததும் நூலை இழுத்தால் வந்துவிடும். ஆறு சட்டையையும் அனுப்புங்கள், நானே செய்து தருகிறேன்.